ஆபீசுக்கு ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: வாங்குமுன் சேலத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றையும் ஒரே மெஷினில் செய்கிற ஆல்-இன்-ஒன் பிரிண்டரை ஆபீசுக்கு வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று செவ்வாய்ப்பேட்டை கடைக்காரர் முதல் ஏற்காடு எஸ்டேட் மேனேஜர் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேலத்து ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு. பிரிண்டர் விற்பதில்லை, எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் கிடையாது. அதனால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் தேடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த மாடல் நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிடுங்களேன்?

சொல்ல மாட்டேன், உங்கள் ஆபீசில் என்ன தாள் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதே. ஒரு வாரத்துக்கு இப்போதிருக்கிற பிரிண்டர் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள். பிரிண்ட் எடுத்தது, ஸ்கேன் செய்தது, ஜெராக்ஸ் போட்டது எதுவானாலும் ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரித் தாள் அதில் விழட்டும். அழகாபுரத்து ஆடிட்டர் ஆபீஸ் பெட்டியைத் திறந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட், பர்ச்சேஸ் பில், பின் அடித்த வவுச்சர் என்று உள்ளே வருகிற தாள்தான் அதிகம் இருக்கும், அங்கே பிரிண்டரைவிட ஸ்கேனருக்குத்தான் வேலை. கொலுசு வியாபாரியிடம் பில்லும் ஆதார் நகலும். பத்திரம் எழுதுகிறவரிடம் லீகல் சைஸ் தாளும் கெட்டியான முத்திரைத் தாளும். ஏற்காட்டு லாட்ஜில் தங்க வருகிறவர்களின் அடையாள அட்டை நகலும் கலரில் ஒரு மெனு கார்டும். இந்த நாலு பேருக்கும் ஒரே மெஷினைக் காட்டுகிற டீலரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டெமோவுக்கு வேண்டும்.

மாசம் எத்தனை பக்கம் ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கணக்கே வெச்சதில்ல.

உங்கள் மெஷின் வைத்திருக்கும். மெனுவில் ரிப்போர்ட் என்கிற இடத்தில் கான்ஃபிகரேஷன் பேஜ், யூசேஜ் பேஜ், பிரிண்டர் செட்டிங்ஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கிற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் வாங்கிய நாளிலிருந்து ஓடிய மொத்தப் பக்கம் அதில் வரும். இந்த மாதம் ஒன்றாம் தேதி ஒன்று, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஒன்று எடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஐந்து ரோடு பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் பையனை அனுப்பி எடுத்த நகல்கள் இதில் வராது, அதைச் சில்லறைச் செலவு வவுச்சரில் தேடிச் சேர்க்கணும். அப்புறம், சீசன் மாதத்தைத் தனியாக எழுதுங்கள். ஆடிட்டர் ஆபீசுக்கு ஜூலையும் செப்டம்பரும், பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை மாதமும் மற்ற மாதங்களைப் போல இருக்காது.

பிராஷர்ல மாசம் 50,000 பக்கம்னு போட்டிருக்கு. எங்களுக்கு 4,000 தான். அப்ப தாராளமா போதும்ல?

அந்த 50,000 என்பது டியூட்டி சைக்கிள். ஒரே ஒரு மாதத்தில் மெஷின் உச்சமாக எவ்வளவு தாங்கும் என்று கம்பெனி சொல்கிற எல்லை அது. மாதாமாதம் அப்படி ஓட்டச் சொல்லவில்லை. அதே பிராஷரில் கொஞ்சம் சின்ன எழுத்தில் 'ரெகமண்டட் மந்த்லி வால்யூம்' என்று, இத்தனை முதல் இத்தனை பக்கம் வரை என இன்னொரு அளவு இருக்கும், அதன் மேல் எல்லையே பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ. உங்கள் சாதாரண மாதம் அந்த அளவுக்கு நடுவில் விழணும், சீசன் மாதம் அதன் மேல் எல்லையைத் தாண்டக் கூடாது.

லேசர் வாங்கலாமா, இங்க் டேங்க் வாங்கலாமா?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இங்க் டேங்கில் பக்கச் செலவு அடிமட்டம். பாட்டில் மையை ஊற்றினால் ஆயிரக்கணக்கில் பக்கம் வரும், கலரும் கையைக் கடிக்காது. மின்சாரம் பத்து இருபது வாட்டில் முடிந்துவிடும். ஆனால் ஓடிக்கொண்டே இருக்கணும். பங்குனி, சித்திரை வெயிலில் ஆபீசைப் பத்து நாள் பூட்டிப் போட்டால் மை தெளிக்கிற ஹெட்டில் மை காய்ந்து, கோடு கோடாக வரும். உடனே ஹெட் கிளீனிங் போடுவார்கள், ஒவ்வொரு கிளீனிங்குக்கும் நல்ல மை வீணாகி உள்ளே இருக்கிற வேஸ்ட் இங்க் பேடில் போய்ச் சேரும். அந்தப் பேட் நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். சில மாடல்களில் அது மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்ற பெயரில் நாமே கழற்றி மாட்டுகிற மாதிரி வருகிறது, சிலவற்றில் சர்வீஸ் சென்டருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடணும். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள். இன்னொன்று, மை எந்த வகை என்பது. டை மை தண்ணீர் பட்டால் கலையும், பிக்மென்ட் மை அவ்வளவாகக் கலையாது. பல டேங்க் மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், கலரெல்லாம் டை. சிலவற்றில் நாலுமே டை. டெலிவரி சலானும் இ-வே பில்லும் மழையில் லாரி டிரைவர் கையில் போகிற தாள்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லேசரில் மை காய்கிற பேச்சே இல்லை. ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் பட்டனைத் தட்டினால் பளிச்சென்று வரும். டோனர் பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டும் எழுத்து கலையாது. கறுப்பு வெள்ளை வேலை 80 சதவீதத்துக்கு மேல் என்றால் என் ஓட்டு மோனோ லேசருக்குத்தான், கலர் தேவைக்கு ஓரமாக ஒரு சின்ன டேங்க் பிரிண்டர் வைத்துக்கொள்ளலாம். கலர் லேசர் வாங்கும்போது நாலு டோனரையும் சேர்த்து விலை கேளுங்கள். சில மாடல்களில் நாலு கார்ட்ரிட்ஜையும் ஒரே சமயத்தில் மாற்றுகிற தொகை மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மெஷின் விலையைப் பார்த்து வாங்கறது தப்பா?

விலையைப் பாருங்கள், கூடவே இதையும் கூட்டிப் பாருங்கள். கணக்குக்காக இரண்டு மோனோ லேசர் எடுத்துக்கொள்வோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். முதல் மெஷின் 16,000 ரூபாய், டோனர் 4,000 ரூபாய், 1,500 பக்கம் வரும், டிரம் (டோனர் பொடியைத் தாளில் பதிக்கிற உருளை) டோனரோடு சேர்ந்தே இருக்கிறது. பக்கத்துக்கு 2 ரூபாய் 67 காசு. இரண்டாவது மெஷின் 24,000 ரூபாய், டோனர் 3,600 ரூபாய், 3,000 பக்கம், டிரம் தனி, 7,000 ரூபாய்க்கு 12,000 பக்கம். டோனருக்கு 1.20, டிரம்முக்கு 58 காசு, ஆக 1 ரூபாய் 78 காசு. மாதம் 1,500 பக்கம் ஓடினால் விலையில் இருக்கிற 8,000 ரூபாய் வித்தியாசம் ஆறே மாதத்தில் சரியாகிவிடும். மூன்று வருஷம் ஓட்டினால் கிட்டத்தட்ட 40,000 ரூபாய் மிச்சம். மாதம் 150 பக்கம்தான் ஓடும் என்றால் அதே கணக்கு சரியாக வருவதற்கு ஐந்து வருஷம் ஆகும், அப்போது மலிவான மெஷினே போதும்.

டோனரில் போட்டிருக்கிற பக்க எண்ணிக்கை, மோனோவுக்கு ஐ.எஸ்.ஓ. 19752, கலர் லேசருக்கு 19798, மை பிரிண்டருக்கு 24711 என்ற தரப்படி அளந்தது. மோனோ சோதனைப் பக்கத்தில் தாளின் பரப்பில் சுமார் 5 சதவீதம்தான் கறுப்பு. உங்கள் இன்வாய்ஸில் மேலே கறுப்புப் பட்டையும் பெரிய லோகோவும் கட்டம் கட்டமாகக் கோடும் இருந்தால் அந்த எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். சொல்லப்போனால் பில் டிசைனில் அந்தக் கறுப்புப் பட்டையை எடுத்துவிட்டாலே டோனர் செலவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும், யாரும் செய்வதில்லை.

பெட்டியோடு வருகிற டோனர் முழு டோனரா, ஸ்டார்ட்டரா என்றும் கேளுங்கள். ஸ்டார்ட்டர் என்றால் பாதியோ அதற்கும் குறைவோதான் ஓடும்.

ரீஃபில், கம்பேட்டிபிள் டோனர் போடலாமா?

போடுகிறார்கள் (கம்பேட்டிபிள் என்றால் வேறு கம்பெனி செய்த டோனர்), நிறைய ஆபீஸ் அதில்தான் ஓடுகிறது. நல்ல பொடி போட்டு நிரப்பத் தெரிந்த ஆள் கிடைத்தால் சரி. கெட்ட பொடி டிரம்மைக் கீறும், மெஷினுக்குள் கொட்டும், பக்கத்தின் பின்புறம் கறுப்புக் கறையாக வரும். சில கம்பெனிகள் கார்ட்ரிட்ஜ் சிப்பைப் பார்த்து வெளி டோனரை நிராகரிக்கும். இன்றைக்கு ஏற்றுக்கொண்டது, நெட் வழியாக மென்பொருள் புதுப்பித்தபின் நாளைக்கு ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். கம்பேட்டிபிள் போடுவதுதான் திட்டம் என்றால் அந்த மாடலுக்கு அது உள்ளூரில் ஓடுகிறதா என்று டோனர் கடையில் கேட்டுவிட்டு மெஷினை முடிவு செய்யுங்கள். வாரண்டி காலத்தில் கம்பெனி டோனரே போட்டுவிடுவது சண்டை இல்லாத வழி.

ஏ.டி.எஃப். அவசியமா? எல்லாத்துலயும் ஒண்ணுதானே?

தாள் கட்டை மேலே வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்துத் தானே ஸ்கேன் செய்கிற பகுதிதான் ஏ.டி.எஃப். எல்லாவற்றிலும் ஒன்று இல்லை, மூன்று வகை உண்டு. முதல் வகை ஒரு பக்கம் மட்டும் படிக்கும். இரண்டாவது வகை தாளை உள்ளே திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் படிக்கும், நேரம் இரட்டிப்பு, பழைய தாள் என்றால் மாட்டிக்கொள்ள வாய்ப்பும் அதிகம். மூன்றாவது, ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கத்தையும் படித்துவிடுகிற சிங்கிள் பாஸ். கடைக்காரர் 'டூப்ளெக்ஸ் இருக்கு சார்' என்று சொல்லும்போது இரண்டு பக்கமும் எடுப்பது பிரிண்டுக்கா, ஸ்கேனுக்கா என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பிரிண்டுக்கு மட்டும்தான் இருக்கும். தினம் இருநூறு பக்கம் ஸ்கேன் செய்கிற ஆபீஸ் என்றால் சிங்கிள் பாஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பத்திரம் கையாளுகிறவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்கணும். ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் நீளம், லீகல் சைஸ் 356 மில்லிமீட்டர். பெரும்பாலான ஏ4 மெஷின்களில் கண்ணாடியும் ஏ4 நீளம்தான், லீகல் தாள் ஏ.டி.எஃப்.பில் மட்டும்தான் முழுசாகப் போகும். ஆனால் நாற்பது வருஷத்துப் பத்திரம், மடிப்பு மடிப்பாக, ஓரம் பொடிந்து, பக்கங்கள் நூலால் தைத்து வரும். அதை ஏ.டி.எஃப்.பில் விட எந்தக் கட்சிக்காரரும் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தாலும் நீங்கள் விடாதீர்கள். கண்ணாடியில் வைத்தால் கீழே ஆறு சென்டிமீட்டர் வெளியே நிற்கும், கையெழுத்தும் சாட்சியும் அங்கேதான் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே லீகல் நீளக் கண்ணாடி இருக்கிற மாடலோ ஏ3 கண்ணாடி மெஷினோ வாங்கியாகணும். பிராஷரில் 'ஸ்கேன் சைஸ்: லீகல்' என்று மட்டும் போட்டிருந்தால் அது கண்ணாடியா, ஏ.டி.எஃப்.பா என்று பிரித்துக் கேளுங்கள்.

டெமோவுக்குப் போனா என்ன செய்யணும்? அவங்க ஒரு பூ படம் எடுத்துக் காட்டுவாங்க.

அந்தப் பூ படம் பளபளப்பான நல்ல தாளில் வரும், அதை வாங்கி ஓரமாக வையுங்கள். முதலில் சொன்ன அட்டைப்பெட்டியைத் திறங்கள். நீங்கள் வழக்கமாக வாங்குகிற தாளில் ஒரு கட்டையும் கொண்டுபோங்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையில் செய்கிற தாளோ வேறு எதுவோ, தாளின் கனம் 70 ஜி.எஸ்.எம். என்றால் 70, 75 என்றால் 75. டெமோ மெஷினில் 80 தாள் போட்டு ஓட்டிவிட்டு ஆபீசில் 70 போட்டால் முன்னும் பின்னும் எடுக்கும்போது சுருள்வது அப்போதுதான் தெரியும்.

தாளைப் போட்டு இருபது பக்கம் தொடர்ந்து முன்னும் பின்னும் எடுங்கள். ஒரு ஆதார் அட்டையைக் கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி நகல் எடுக்கச் சொல்லுங்கள், எத்தனை பட்டன் தட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். இதற்கென்றே ஐ.டி. காப்பி பட்டன் இருக்கிற மெஷினில் ஒரு தட்டு போதும், இல்லாததில் மெனுவுக்குள் மெனுவாகப் போகணும், நம் ஊர் ஆபீசில் அது தினம் முப்பது தடவை நடக்கிற வேலை. இ-இன்வாய்ஸ் கியூ.ஆர். கோடு இருக்கிற பில்லைப் பிரிண்ட் எடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த நகலை உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். வருஷத்துக்கு 5 கோடிக்கு மேல் வியாபாரம் இருப்பவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம் என்பதால் கோடு படிக்காத பில்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பென் டிரைவிலிருந்து தமிழ் பி.டி.எஃப். ஒன்றையும் நேராகப் பிரிண்ட் எடுங்கள். பழைய வானவில் எழுத்துருவில் டைப் செய்து, எழுத்துருவை உள்ளே சேர்க்காமல் பி.டி.எஃப். ஆக்கியிருந்தால் கட்டம் கட்டமாகவோ ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ வரும். இதில் மெஷின் மேல் தப்பில்லை, ஃபைலை மறுபடி சரியாகச் சேமிக்கணும்.

ஸ்கேனில் எண்கள் இருக்கிற ஒரு பக்கத்தை வைத்து, வருகிற பி.டி.எஃப்.பை பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். அதிகப்படியாகத் தெரிகிறதா? 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கம்ப்யூட்டர் ஆய்வாளர், ஜெராக்ஸ் கம்பெனியின் சில ஒர்க்சென்டர் மெஷின்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றுகின்றன என்று கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் வெவ்வேறு பரப்பளவும் 14.13 என்றே வந்திருந்தன. ஃபைல் அளவைச் சுருக்குகிற முறை, ஒரே மாதிரி தெரிகிற சின்ன வடிவங்களை ஒன்றாக நினைத்து ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பதித்ததுதான் காரணம். கம்பெனி பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. கலங்கலாக வந்திருந்தால் யாரும் கவனித்திருப்பார்கள், எண்கள் தெளிவாக, தப்பாக வந்ததால்தான் தெரியவில்லை. கணக்கு வழக்குத் தாளை ஸ்கேன் செய்கிறவர்கள் ஃபைல் அளவு குறையணும் என்று கம்ப்ரஷனை உச்சத்தில் வைக்க வேண்டாம், ஸ்கேன் நுணுக்கத்தை 300 டி.பி.ஐ.க்குக் கீழே இறக்கவும் வேண்டாம்.

நிமிஷத்துக்கு 40 பக்கம் வேணுமா, 25 போதுமா?

எல்லோரும் இரண்டு மூன்று பக்கமாக எடுக்கிற ஆபீசுக்கு அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்து முதல் பக்கம் எத்தனை நொடியில் வருகிறது என்று டெமோவில் போனில் டைம் வைத்துப் பாருங்கள்.

யு.பி.எஸ்.ல போடலாமா? கரண்ட் அடிக்கடி போகுது.

லேசரை யு.பி.எஸ்.சில் போடக் கூடாது. தாளைச் சூடாக்குகிற ஃபியூசர் வேலை தொடங்கும்போது நொடி நேரத்துக்கு 1,000 வாட் பக்கம் இழுக்கும், கம்ப்யூட்டருக்குப் போடுகிற 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது 360 வாட் சுமார்தான். அது அலறிக்கொண்டு அணையும், கூடவே கம்ப்யூட்டரும் அணையும். லேசருக்குச் சுவரிலிருந்து நேராகத் தனி லைன் கொடுங்கள், ஏ3 ஜெராக்ஸ் மெஷின் என்றால் 15 ஆம்ப் பாயிண்ட் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குகிற இடமாக இருந்தால் மெஷினின் முழு வாட்டேஜுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர். கரண்ட் இல்லாதபோதும் பில் போட்டே ஆகணும் என்றால் இங்க் டேங்க்தான் வழி, அது இன்வெர்ட்டரில் சத்தமில்லாமல் ஓடும்.

ஏற்காட்டுக்கு வாங்கறோம். கீழே வாங்கறதுக்கும் மேலே வாங்கறதுக்கும் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தால் ஒன்றும் ஆகாது, பெரும்பாலான மெஷின்கள் அதற்கும் மேலே வேலை செய்யும்படிதான் செய்யப்படுகின்றன. ஈரம்தான் எதிரி. பெரும்பாலான கம்பெனிகள் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் வரைதான் என்று எழுதுகின்றன, ஐப்பசி கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வருகிற ஊரில் அது சுலபமாகத் தாண்டிவிடும். முதலில் அடி வாங்குவது தாள். கட்டைப் பிரித்து ட்ரேயில் நாலு நாள் விட்டால் ஈரத்தைக் குடித்துத் தொளதொளவென்று ஆகிவிடும், லேசரில் போட்டால் ஆவி பறக்கச் சுருண்டு வெளியே வரும், எழுத்து திட்டுத் திட்டாக மங்கும், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் மாட்டும். உடனே மெஷின் சரியில்லை என்று சர்வீஸுக்குப் போன் போவதுதான் வழக்கம். அன்றன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் ட்ரேயில் வைத்து, மிச்சத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் பாதித் தொல்லை தீரும். மெஷினை ஜன்னல் ஓரம் வைக்க வேண்டாம்.

எடுத்துப் போவதும் ஒரு வேலை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டியில் மை ஊற்றிய டேங்க் பிரிண்டரைச் சாய்த்து வைத்தால் மேலே போய்ச் சேரும்போது அட்டைப்பெட்டி நாலு கலரில் இருக்கும். மையை மேலே போய் ஊற்றுங்கள், அல்லது போக்குவரத்துக்கு என்று இருக்கிற லாக்கைப் போட்டு நிமிர்த்தி வைத்து மடியில் வைத்துக்கொண்டு போங்கள். குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்துச் சூடான அறைக்குள் வைத்ததும் சுவிட்சைப் போடாதீர்கள், உள்ளே வேர்த்திருக்கும், இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

எஸ்டேட் ஆபீஸில் காபி பறிப்புக் காலத்தில் கூலிப் பட்டியலும் டிஸ்பாட்ச் தாளும் ஓடும், மற்ற மாதத்தில் பிரிண்டர் சும்மா கிடக்கும். அப்படியென்றால் மை காயாத லேசர்தான் என்று தோன்றும், ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடுவது டேங்க்தான். என் பேச்சைக் கேட்டால் டேங்க் வாங்கி, வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை காலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு கலரும் வருகிற ஒரு பக்கம் எடுக்கச் சொல்லிவிடுங்கள். சர்வீஸ் ஆள் சேலத்திலிருந்து மேலே வர ஒரு நாள் ஆகும், தனியாகக் கட்டணமும் கேட்பார். அதை வாங்கும் போதே எழுதி வாங்குங்கள். தாளை உள்ளே இழுக்கிற பிக்கப் ரோலர் ஒன்றும் ஒரு செட் மையும் கையில் இருக்கட்டும்.

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி ஆபீஸ். தூசு அதிகம். என்ன செய்யலாம்?

மாவுத் தூசு ரோலரில் படிந்தால் வழுக்கும், தாளை இழுக்காது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசும் அப்படித்தான். உறை போடுவதைவிட அறையைப் பிரிப்பது முக்கியம், மெஷின் ஓடும்போது அதன் விசிறி தூசைத் தானே உள்ளே இழுக்கும். மேல் ட்ரே திறந்து கிடக்கிற மாடல் வேண்டாம், தாள் உள்ளே மூடியிருக்கிற கேசட் ட்ரே மாடலாகப் பாருங்கள். ரோலரை ஈரத் துணியால் துடைக்க நம் ஆளுக்கே வருமா, எளிதில் கைக்கு எட்டுமா என்று டெமோவில் திறந்து பாருங்கள்.

வைஃபை போதுமா?

ஆபீசுக்கு லேன் கேபிள். வைஃபை இருந்தால் போனிலிருந்து எடுக்கலாம், நல்லதுதான், ஆனால் பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே பிடிக்கும், ரவுட்டரை மாற்றினால் காலையில் எல்லோரும் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று நிற்பார்கள். கேபிள் போட்டு பிரிண்டரின் நெட்வொர்க் முகவரியான ஐ.பி.யை நிலையாக வைத்துவிட்டால் அந்தப் பஞ்சாயத்து இல்லை.

பழைய ஜெராக்ஸ் மெஷின், ரீகண்டிஷன் பண்ணது, பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?

நகல் மட்டும் எடுக்க, பக்கத்திலேயே மெக்கானிக் இருந்தால், வாங்கலாம். பெரிய கண்ணாடி, பத்திரத்துக்கு வசதி, பக்கச் செலவும் குறைவு. ஆனால் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்கு அனுப்பணும் என்றால் யோசியுங்கள். பழைய மெஷின்களில் பல, கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்ப எஸ்.எம்.பி.1 என்ற பழைய முறையைத்தான் அறியும். 2017 கடைசியிலிருந்து வருகிற விண்டோஸில் அது பாதுகாப்பு இல்லை என்று மூடியே வருகிறது. திறந்துவிடச் சொல்வார்கள், திறக்காதீர்கள். ஸ்கேன் செய்து ஜிமெயிலில் அனுப்புவதும் அப்படியே, வெறும் பாஸ்வேர்டை ஏற்பதை 2022 மே மாதத்தோடு கூகுள் நிறுத்திவிட்டது, இரண்டு கட்ட சரிபார்ப்பு போட்டு மெஷினுக்கென்று தனியாக ஒரு ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும், அதற்கும் மெஷின் புதிய குறியாக்கத்தை ஏற்கணும். கையில் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய் ஒரு பக்கம் அனுப்பச் சொல்லுங்கள்.

எத்தனை பக்கம் ஓடியது என்று காட்டுகிற கவுன்டர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.எஃப். ரோலர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, முழுக் கறுப்புப் பக்கம் எடுத்தால் கோடு விழுகிறதா என்று பாருங்கள். பில் தராத இடத்தில் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, விலையை ஒப்பிடும்போது அதையும் சேருங்கள்.

ஏ.எம்.சி. போடச் சொல்றாங்க, வாடகைக்கும் தர்றாங்க. எது லாபம்?

ஏ.எம்.சி. (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் பெரும்பாலும் ஆள் வருகிற கூலி மட்டும், பாகங்களுக்கும் டோனருக்கும் தனி. எஃப்.எஸ்.எம்.ஏ. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் டோனர், டிரம், பாகம் எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வாடகையும் கிட்டத்தட்ட இதேதான், மெஷின் மட்டும் அவர்களுடையது. மாதம் 5,000 பக்கத்துக்கு மேல் நிலையாக ஓடுகிற ஆபீசுக்கு இது நிம்மதி. ஆனால் ஒப்பந்தத் தாளில் மூன்று வரியைத் தேடுங்கள். குறைந்தபட்சப் பக்கம் எவ்வளவு, ஏனென்றால் மே மாதம் பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் அதற்குப் பணம் கட்டணும். ஸ்கேனுக்கும் காசு உண்டா. கெட்டுப்போனால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், சரியாகும்வரை மாற்று மெஷின் தருவார்களா. வாயால் 'உடனே வந்துருவோம்ணா' என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆன்லைன்ல 2,000 ரூபா குறைவா வருதே?

சின்ன மெஷின் என்றால் வாங்குங்கள். ஆபீசே அதில் ஓடுகிறது என்றால் உள்ளூர் டீலர். இரண்டிலும் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருக்கிறதா, இல்லை கோயம்புத்தூர் அனுப்பணுமா, ஆபீசுக்கே வந்து பார்க்கிற வாரண்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்புற ஸ்டிக்கரில் பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர முத்திரையும் ஆர் என்று தொடங்குகிற பதிவு எண்ணும் இருக்கணும்.

ஃபேக்ஸ் வேணுமா?

வேண்டாம்.

பழைய மெஷினை எக்ஸ்சேஞ்ச் போடறோம். ஏதாவது கவனிக்கணுமா?

ஹார்டு டிஸ்க். பெரிய மெஷின்களில் நகல் எடுத்த, ஸ்கேன் செய்த பக்கங்கள் உள்ளே டிஸ்கில் தங்கலாம். அமெரிக்காவில் அஃபினிட்டி என்ற மருத்துவத் திட்ட நிறுவனம், வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின்களை டிஸ்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோயாளிகளின் விவரம் வெளியே போனதற்காக 2013-இல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. உங்கள் ஆபீசில் ஓடியது பான் கார்டு, ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட். மெனுவில் டேட்டா ஓவர்ரைட் அல்லது எரேஸ் இருந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு மெஷினைக் கொடுங்கள். அட்ரஸ் புக்கில் இருக்கிற கஸ்டமர் மெயில் ஐ.டி.களையும், ஸ்கேன் அனுப்பப் போட்டுவைத்த பாஸ்வேர்டையும் அழியுங்கள். புது மெஷினில் முதல் நாளே அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், கம்பெனி போட்டனுப்பியது என்னவென்று நெட்டில் தேடினாலே கிடைக்கும்.

எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் தூக்கிப் போடுவதாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்கு வேண்டாம். 2022-ஆம் வருஷத்து மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் வருகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கி, அசெட் ரெஜிஸ்டரில் அந்த மெஷினுக்கு எதிரே சேர்த்து வையுங்கள், அடுத்த தணிக்கையில் கேட்பார்கள்.